எலுமிச்சம்பழத்தின் எடை

சித்திக்குக் கிடைத்த மெஷினை வேறு யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அது சித்திக்குக் கிடைத்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைகள் முடிந்து சிறிய ஷெட்டுகள் தொடங்கும் இடத்தில் அந்த சாக்ஸ் கம்பெனி இருந்தது. மொத்தம் பதினோரு மெஷின்கள். எல்லாவற்றையும் ஆண்களே ஓட்டினார்கள். நன்றாக ஓடும் மெஷினைப் பெண்ணிடம் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. பெண்களுக்கு மேசை வேலை. மெஷினிலிருந்து விழும் சாக்ஸின் விரல்முனையைத் தைத்து மூடுவது, ஓட்டை பார்ப்பது, ஜோடி சேர்ப்பது. அம்மாவின் தங்கையான, எங்களோடு இருந்த என் சித்தி ஐந்து வருடம் அந்த மேசையில் இருந்தாள். ஐந்து வருடமும் தனக்கு ஒரு மெஷின் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதினோராம் நம்பரை ஓட்டிவந்த ஆள் ஒரு நாள் அதை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். சித்தியின் வாயை அடைக்க முதலாளி அதை அவளிடம் கொடுத்தார்.

ஒவ்வொரு மெஷினின் பக்கத்திலும் ஒரு தகரத்தில் அதை ஓட்டுபவரின் பெயர் பெயிண்டில் எழுதியிருக்கும். பதினோராம் நம்பரில் பழைய பெயரைச் சுரண்டிவிட்டு, சித்தியின் பெயரை சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்.

வெளிநாட்டில் யாரோ ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்ட பழைய மெஷின் அது. கூடவே வந்த புத்தகம் யாருக்கும் தெரியாத ஒரு மொழியில் இருந்தது. மெஷின்களைப் பழுது பார்க்கும் மாஸ்டர் அதிலிருந்த படங்களை மட்டும் பார்த்து மெஷினின் பாகங்களைப் பூட்டியிருந்தார். நடுவில் சொம்பு வாய் அகலத்துக்கு ஓர் உருளை, அதைச் சுற்றி நூற்று நாற்பத்து நான்கு ஊசிகள். உருளை சுற்றச் சுற்ற ஊசிகள் ஏறி இறங்கி, நூலைக் கொக்கியில் பிடித்து வளையம் வளையமாகக் கோக்கும். பக்கத்தில் தையலே இல்லாத ஒரு குழாய் கீழே இறங்கிக்கொண்டே வரும். அதுவரை குறை ஒன்றும் இல்லை. குதிகால் வந்ததும் உருளை சுற்றுவதை நிறுத்திவிட்டு, ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தில்தான் குதிகால் உட்காரும் பை உருவாகும். பதினோராம் நம்பர் தவறியது அங்கேதான். குதிகாலின் இரண்டு மூலையிலும் ஒவ்வோர் ஓட்டை. பத்து சாக்ஸ் விழுந்தால் ஆறில் இப்படி.

மாஸ்டர் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சூலூர்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வருபவர். நல்ல மனிதர். மனிதர்களை மட்டுமல்ல, மெஷினையும் தெலுங்கில் நைனா என்றுதான் கூப்பிடுவார். ஊசிகளை மாற்றினார், எண்ணெயை மாற்றினார், நூலைக்கூட மாற்றிப் பார்த்தார். எல்லாம் மாறின, ஓட்டை மட்டும் மாறவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் முதலாளி கெடு வைத்தார். அதைச் சித்தி வீட்டுக்கு வந்து அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டினாள். “பூஜை முடிஞ்சு ஒரு வாரம் பாப்பேன். அப்பவும் இப்படித்தான்னா, மெஷின் காயலாங்கடைக்கு, நீ மேசைக்கு.”

அப்பா சிரித்தார். அம்மாவோ, “மேசைக்கு இன்னா கொறச்சல்? உடுவியா, பேஜாரு புடிச்ச மெஷின கட்டிக்கினு அழுவுற,” என்றாள். சித்தி அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. காலாண்டு விடுமுறை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போவார்கள் என்பதால் அந்த நாட்களில் கவரைப்பேட்டையிலிருந்து சித்தியோடு ரயிலேறி நானும் கம்பெனிக்குப் போனேன். நூல் சுற்றிய கோன்கள் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு என்னை அதன்மேல் உட்கார வைத்துவிடுவாள்.

பூஜையன்று தொழிற்பேட்டை முழுவதும் கழுவிவிட்டது போல இருந்தது. லாரிகளின் முகப்பில் வாழைக்கன்று, உருக்காலை கேட்டில் வண்ணக் காகிதம், எங்கு பார்த்தாலும் பொரி. எங்கள் ஷெட்டில் எல்லா மெஷின்களுக்கும் சந்தனம், குங்குமம், பூ. திருஷ்டி கழிய ஆளுக்கொரு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து, மெஷினின் உச்சியில் அவரவர் கட்டினார்கள். சித்தியின் கை முழுக்கச் சந்தனம். பழத்தை என்னிடம் கொடுத்து, “மேல எங்கனா மாட்டுடி,” என்றாள்.

எனக்கு உச்சி எட்டவில்லை. எட்டிய உயரத்தில் ஊசிகளுக்கு நூலைக் கொண்டுபோகும் மெல்லிய கம்பி ஒன்று இருந்தது. தராசுத் தண்டு போல ஓர் ஆணியில் ஆடும். முன்பக்கம் நீளம், அதன் நுனி வளையத்தின் வழியே நூல் போகும். பின்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வால். வாலின் முனையில் ஒரு துளை. அந்தத் துளை எதற்கு என்று மாஸ்டருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. மாட்டுவதற்கு. மாட்டினேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து மெஷின்களை ஓடவிட்டார்கள். மாஸ்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், பதினோராம் நம்பரில் நின்றுவிட்டார்.

“இன்னா நைனா இது? நூலு போற எடத்துல யாரு கட்டினது?” என்று பழத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

மேசையிலிருந்து நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. “மாஸ்டர், கைய வெக்காதீங்க! திஷ்டிப் பழம், அது தானா வுழணும்!”

மாஸ்டர் பிள்ளைகுட்டிக்காரர். கையை இழுத்துக்கொண்டார்.

முதல் சாக்ஸ் விழுந்தது. மேசையில் மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். ஓட்டை பார்ப்பது அவர் வேலை. சாக்ஸுக்குள் கையை விட்டு, குதிகாலில் விரல்களை விரித்து, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மத்தியானத்துக்குள் கூடை நிறைந்துவிட்டது. ஒன்றில்கூட இல்லை.

“இன்னாடி பண்ண மெஷின?” என்றார் பெரியக்கா.

“நான் ஒண்ணும் பண்லக்கா. பாப்பா பழம் கட்டிச்சி, அவ்ளோதான்.”

“யம்மாடி! பாப்பா, ராசியான கைம்மே உன் கை!”

அன்று மத்தியானம் எனக்கு ஐந்து டிபன் பாக்ஸிலிருந்து சாப்பாடு வந்தது. மேசைப் பெண்களில் ஒருத்தி, தன் மகன் கணக்கில் பாஸாக வேண்டும் என்று என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கணக்கில் என் மதிப்பெண் என்ன என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சித்தி அன்று ரயிலில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நான்கு நாட்கள் இப்படிப் போயின. நான்கு நாட்களும் நான் சாதாரணக் குழந்தையாக இல்லை.

ஐந்தாம் நாள் கூடையில் ஓர் ஓட்டை சாக்ஸ் விழுந்தது. ஆறாம் நாள் காலைக்குள்ளேயே ஒன்பது. ஷெட்டின் சூட்டில் பழம் வதங்கிச் சுருங்கிப் பாதியாகியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள், “காலைல குளிச்சிட்டுதானே வந்த?” என்று கேட்டாள்.

பெரியக்காவின் வீடு ஆரம்பாக்கத்தில். இதற்கு வழி செய்யத் தன் வீட்டு மரத்திலிருந்து ஒரு நார்த்தங்காய் பறித்து வந்திருந்தார். கிட்டத்தட்ட தேங்காய் அளவு. “அவ்ளோண்டு பழத்துக்கே நாலு நாளு பலன்னா, இத்துக்கு ஒரு மாசம் தாங்கும்,” என்றார். பழையதைக் கையால் எடுக்கக் கூடாது என்பதால், அதன் பக்கத்திலேயே நார்த்தங்காயையும் கட்டித் தொங்கவிட்டார்கள்.

மெஷின் ஓடியது. கம்பியின் முன்பக்கம் விறைத்து மேலே எழும்பியது. பட்டென்று நூல் அறுந்தது. சித்தி முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பட். ஷெட்டே சிரித்தது. “சிரிங்க, சிரிங்க! எங்கூட்டுக் காயப் பாத்து சிரிக்கிறீங்க இல்ல,” என்று பெரியக்கா கோபித்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. நார்த்தங்காயை அவிழ்த்துக் கீழே வைத்தாள். கம்பியின் வாலை விரலால் மெல்ல அழுத்தினாள், விட்டாள். மறுபடி அழுத்தினாள், விட்டாள். முன்பக்க வளையம் ஏறி ஏறி இறங்கியது.

“வெயிட்டு சாஸ்தியானா நூலு அறுவுது. பழம் வத்திப்போனா ஓட்ட வுழுது,” என்றாள். என்னிடம் சொன்னாளா, மெஷினிடம் சொன்னாளா தெரியாது.

அன்று ஷிப்ட் முடியும் நேரத்தில் சித்தியின் முழங்கை பட்டு அந்த வதங்கிய பழம் தானாகவே விழுந்துவிட்டது. தானாகத்தான் விழுந்தது என்று அவள் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மளிகைக் கடையில் நின்றாள். எலுமிச்சம்பழக் கூடையைக் காட்டி, “அன்னிக்கி நீ மாட்டினியே, அந்த சைசு எது? நல்லா பாத்து எடு,” என்றாள். ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவு பொறுப்பான வேலையை அதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை. கடைக்காரரின் தராசில் ஒரு தட்டில் அதை வைத்து, மறு தட்டில் வதங்கிய பழத்தை வைத்தாள். வதங்கியது ஜிவ்வென்று மேலே போனது. சித்தி அதை எடுத்துவிட்டு, துப்பட்டா முனையில் முடிந்து கொண்டுவந்திருந்த நட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். மூன்று நட்டும் ஒரு வாஷரும் சேர்ந்தபோது தட்டுகள் சமமாக நின்றன.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா, எலுமிச்சம்பழத்துக்கு நட்டு குடுக்கறியா? நம்ம கடைல டப்பு மட்டுந்தாம்மா வாங்கறது.”

தெருவில் நடந்துகொண்டே சித்தி எனக்கு விளக்கினாள். மெஷின் ஆடித் திரும்பும் ஒவ்வொரு முறையும் நூல் கொஞ்சம் துவண்டுபோகிறது. துவண்ட நூலை ஊசி பிடிக்காமல் விட்டுவிடுகிறது. விட்ட இடம்தான் ஓட்டை. கம்பியின் வாலில் சரியான எடை இருந்தால், துவளும் நூலை அது அந்த நிமிஷமே மேலே இழுத்துக்கொள்ளும். அந்தத் துளையில் முதலில் ஏதோ ஒன்று தொங்கியிருக்க வேண்டும். கப்பலேறும் முன்போ பிறகோ அது தொலைந்துபோயிருக்கிறது.

“அப்ப சாமி?” என்று கேட்டேன்.

“உன்ன அந்த எடத்துல மாட்ட வெச்சது யாரு? சாமிதானே,” என்றாள். என் பங்கு குறையவில்லை என்று தெரிந்ததும் மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு கைக்குட்டையைக் கிழித்து மஞ்சளில் நனைத்துக் காயவைத்தாள். நட்டுகளையும் வாஷரையும் அதில் வைத்து இறுக்கி முடிந்தாள். மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன் அதை அந்தத் துளையில் தொங்கவிட்டு, ஒரு பச்சை மிளகாயையும் கோத்துவிட்டாள். பார்த்தவர்களுக்கு அது வேண்டுதலுக்குக் காசு முடிந்த மஞ்சள் துணி. “வேண்டிக்கினியா?” என்றார் பெரியக்கா. “ஆமாங்க்கா,” என்றாள் சித்தி. மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார்.

கெடு அன்றோடு முடிந்தது. சாயங்காலம் முதலாளி வந்தார். அவரோடு பழைய இரும்பு வாங்கும் காயலாங்கடைக்காரரும் வந்தார். கையிலேயே ஸ்பானர் வைத்திருந்தார். மெஷினைச் சுற்றிவந்து, எந்தப் பக்கம் கழற்றினால் சுலபம் என்று பார்த்தார். சித்தி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் ஒட்டி நின்றேன்.

முதலாளி கூடையிலிருந்து ஒரு சாக்ஸை எடுத்து விரித்துப் பார்த்தார். இன்னொன்று. பத்து, பன்னிரண்டு. கடைசியில் கூடையையே மேசையில் கவிழ்த்து, பெரியக்காவையும் பார்க்கச் சொன்னார். ஓட்டை இல்லை.

“யாரு சரி பண்ணது?” என்றார்.

“நான் ஊசி மாத்தினேன் சார். ஆனா அது போன மாசம்,” என்று மாஸ்டர் உள்ளதைச் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். பழம் மாட்டியதும் தராசில் நிறுத்ததும் எனக்குத்தான் தெரியும். சித்தியின் கை பின்னாலிருந்தபடியே வந்து என் தோளில் நறுக்கென்று கிள்ளியது.

“வேண்டிக்கினு முடிஞ்சி வெச்சிருக்கேன் சார்,” என்றாள் சித்தி. “ஒரு மண்டலம். அது முடியற வரைக்கும் முடிச்சி போட்ட கைதான் மெஷினத் தொடணும். நடுவுல ஆள மாத்துனா பலிக்காது.”

முதலாளி மஞ்சள் துணியைப் பார்த்தார். தன் சொந்த அறைக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறவர் அவர். காயலாங்கடைக்காரரிடம் திரும்பி, “நாப்பத்தெட்டு நாள் கழிச்சு வாய்யா,” என்றார். அந்த ஆளும் ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஸ்டேஷனில் சித்தி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். கிள்ளியதற்கு அது ஈடாகாது என்று சொன்னேன். இன்னொன்றும் வாங்கிக் கொடுத்து, “வாயத் தொறந்த, உன் கை ராசி போயிடும்,” என்றாள். நான்காம் வகுப்பில் நான் செய்த மிகக் கடினமான காரியம், அந்த நாற்பத்தெட்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்ததுதான்.

பள்ளி திறந்துவிட்டதால் நடந்ததையெல்லாம் சித்தி வீட்டில் சொல்லித்தான் கேட்டேன். ஊசி உடைந்தால் தானே மாற்றுகிறாளாம். சத்தத்தை வைத்தே நூல் தீரப்போவதைச் சொல்லிவிடுகிறாளாம். ஏழாம் நம்பர் ஆள் காய்ச்சலில் படுத்த வாரம், அதையும் அவளே ஓட்டினாளாம். அதில் மஞ்சள் துணி எதுவும் கிடையாது. அதை யாரும் கேட்கவும் இல்லையாம்.

மண்டலம் முடிந்தபோது கார்த்திகை மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள், கம்பெனிக்கு விடவில்லை. நானும் போனேன். முதலாளி சொன்னபடி பெயிண்டர் வந்து, பதினோராம் நம்பர் தகரத்தில் சாக்பீஸை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சித்தியின் பெயரைச் சிவப்பில் எழுதினார். ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டார். கேட் வரை போனவரைச் சித்தி மழையில் ஓடிக் கூட்டிவந்து புள்ளியை வைக்கச் சொன்னாள்.

பெயிண்ட் காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு, “மாஸ்டர், இங்க ஒரு நிமிஷம் வாங்க,” என்று கூப்பிட்டாள். அவர் முன்னாலேயே மஞ்சள் முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததை அவர் உள்ளங்கையில் கொட்டினாள்.

மாஸ்டர் அதை உருட்டிப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். வாலை விரலால் அழுத்தினார், விட்டார், அழுத்தினார். அந்தத் துளையைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கோபப்படப்போகிறார் என்று நான் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் நகர்ந்தேன். அவருக்குத் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“நட்டு! நாப்பத்தெட்டு நாளா நான் நட்டையா கும்பிட்டேன் நைனா?”

“மூணு நட்டு, ஒரு வாஷரு மாஸ்டர்,” என்றாள் சித்தி.

“வாஷருக்கும் சேத்துதான் கும்பிட்டாரு, நான் பாத்தேன்,” என்றார் பெரியக்கா மேசையிலிருந்து. அதன் பிறகு அந்த ஷெட்டில் வெகுநேரம் யாராலும் வேலை செய்ய முடியவில்லை.

அன்று மத்தியானமே மாஸ்டர் பித்தளையில் அதே எடைக்கு ஒரு குண்டு கடைந்து, கொக்கி வைத்து, அரத்தால் விளிம்பைத் தேய்த்து அவரே மாட்டிவிட்டார். முதலாளியிடமும் அவரே போய்ச் சொன்னார். முதலாளி என்ன சொன்னார் என்று தெரியாது. பெயரை அழிக்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு ஒரே குடையில் நடந்தோம். எனக்கு ஒரு குறை இருந்தது. “அன்னிக்கே சொல்லியிருந்தா மொதலாளி எல்லார் முன்னாடியும் உன்ன மெச்சியிருப்பாரு இல்ல சித்தி?” என்றேன்.

“மெச்சியிருப்பாரு,” என்றாள். “ஆனா அன்னிக்கே சொல்லியிருந்தா மெஷின்ல நட்டு நின்னிருக்கும் பாப்பா. நான் நின்னிருக்க மாட்டேன்.”

நிற்பதைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். மேசைப் பெண்களுக்கு ஸ்டூல் உண்டு, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். மெஷினில் எட்டு மணி நேரமும் நின்றாக வேண்டும். நின்றுகொண்டே இருப்பதற்காக ஒருத்தி இத்தனை பாடுபடுவாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “கால் வலிக்காதா?” என்று கேட்டேன்.

“வலிக்கும், நல்லா வலிக்கும்,” என்று சிரித்தாள் சித்தி. குடையை என் கையில் கொடுத்துவிட்டு, தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீரில் வேண்டுமென்றே சத்தம் வர மிதித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.